மருந்தாளுநர் பதில்கள்: கடைக்காரர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

கேள்வி: மாத்திரை வாங்கப் போனால், ‘யாருக்கு, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?’ என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இதெல்லாம் மருந்துக்கடையில் எதற்கு?

பதில்: கேட்கிற கடையை விட்டுவிடாதீர்கள். ஒரு மருத்துவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம். இரண்டு சீட்டும் வந்து சேரும் இடம் மருந்துக்கடைதான். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் கேட்டால், அது அழுத்தத்தை ஏற்றிவிடும்; சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் ஜலதோஷத்துக்கு ஒரு கூட்டு மாத்திரையும் வாங்குகிறவர், இரண்டாவதற்குள்ளும் பாரசிட்டமால் இருக்கலாம் என்று யோசிப்பதில்லை. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. தாண்டினால் கல்லீரல் பழுதாகும். பிறர் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தால், ‘கொஞ்சம் தள்ளி நின்று பேசலாமா?’ என்று தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி: நான் மருந்துக்கடை உதவியாளர், பார்மசி படிக்கவில்லை. பொதுச் சுகாதாரத்தில் எனக்கு என்ன பங்கு இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. வருகிறவரை முதலில் பார்ப்பது நீங்கள்தான். ஒருவரே திரும்பத் திரும்ப இருமல் மருந்துக்கு வந்தால், ‘எத்தனை நாளாக இருமல்?’ என்று கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் இன்னொரு பாட்டிலை எடுத்துக் கொடுக்காமல், காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

புகையை விட நினைத்து நிகோடின் சூயிங்கம் வாங்குகிறவருக்கு அதை மெல்லும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் தணிந்தபின் மறுபடி மெல்ல வேண்டும். விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். முதல் நாளே வெறுத்துப்போய் மறுபடி சிகரெட்டுக்குத் திரும்பிவிடுவார். மருந்தின் அளவு, பக்கவிளைவு பற்றிய கேள்வி வந்தால் மருந்தாளுநரை அழைத்துவிடுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டேன். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார். சாதாரணச் சளி வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் பாக்டீரியாவிடம்தான் வேலை செய்யும். வீணாகச் சாப்பிடச் சாப்பிட, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகும். அது உங்களோடு நிற்காமல் அடுத்தவருக்கும் பரவும். விற்பனை போனாலும் பரவாயில்லை என்று மறுக்கிறவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. மூச்சுத்திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் பார்க்கும் ரத்த அழுத்தத்தை நம்பலாமா?

பதில்: முறையாகப் பார்த்தால் நம்பலாம். நடந்து வந்த வேகத்திலேயே கையை நீட்டாதீர்கள். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வேறொரு நாளும் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால், இரண்டு அளவையும் தேதியோடு எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.