டீலரிடம் ஏஸ், உங்களிடம் 20: இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்களோடு லாஸ் வேகஸ் போனபோது முதல்முறையாக பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடினேன். என்னிடம் இரண்டு ராஜா. டீலர் (விடுதிக்காகச் சீட்டுப் போட்டு ஆடுபவர்) ஏஸைக் காட்டிவிட்டு, "இன்சூரன்ஸ்?" என்றார். நல்ல கையாயிற்றே என்று, 10 டாலர் பந்தயத்துக்கு 5 டாலர் இன்சூரன்ஸ் கட்டினேன். சரிதானா? அடுத்த மாதம் மறுபடி போகிறோம். எப்போது என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பதில்: கட்டியிருக்கக் கூடாது. பெயர்தான் இன்சூரன்ஸ், டீலரின் மூடிய சீட்டு 10 மதிப்புள்ளதா (10, ஜாக், ராணி, ராஜா) என்பதன் மேல் வைக்கும் தனிப் பந்தயம் அது. ஜெயித்தால் ஒன்றுக்கு இரண்டு. அதாவது மூன்றில் ஒரு தடவை 10 வந்தால்தான் கட்டுப்படியாகும். ஆறு கட்டு ஆட்டத்தில் 312 சீட்டு. உங்கள் இரண்டையும் டீலரின் ஏஸையும் கழித்தால் 309. அதில் 103 பத்துகள் இருக்க வேண்டும். மொத்தம் இருப்பதே 96, அதிலும் இரண்டு உங்கள் கையில். மிச்சம் 94. கை நன்றாக இருந்ததே இந்தப் பந்தயத்தைக் கெடுத்துவிட்டது, பாருங்கள்.

இனி ஆட்டம். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் சேர்ப்பதுதான் குறி. ஜாக், ராணி, ராஜா எல்லாம் 10. ஏஸ் 1 அல்லது 11, உங்களுக்கு எது வசதியோ அது. 21-ஐத் தாண்டினால் அப்போதே பணம் போயிற்று. பிறகு டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. சூதாட்ட விடுதியின் லாபமே பெரும்பாலும் இங்கேதான். டீலருக்குச் சொந்த யோசனை கிடையாது. 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17-இல் நிறுத்த வேண்டும். (ஏஸும் 6-மாக வரும் 17-இல் சில மேசைகளில் எடுப்பார்கள். அது உங்களுக்குக் கொஞ்சம் பாதகம்.)

ஆகவே உங்கள் முடிவு டீலரின் திறந்த சீட்டைப் பார்த்துத்தான். அவரிடம் 4, 5, 6 என்றால் அவர் 21-ஐத் தாண்ட நல்ல வாய்ப்பு. உங்களிடம் 12 இருந்தாலே ஸ்டாண்ட், சும்மா இருங்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 வரும்வரை ஹிட், அதாவது இன்னொரு சீட்டு, கேளுங்கள்.

டபுள் என்பது பந்தயத்தை இரட்டித்து, ஒரே ஒரு சீட்டு வாங்குவது. 11 வந்தால் தயங்காதீர்கள். டீலரிடம் ஏஸ் என்றால் மட்டும் மேசை விதியைப் பொறுத்தது. 10 இருந்து, டீலரிடம் 9 வரை இருந்தாலும் டபுள்தான். ஜோடி வந்தால் இன்னொரு பந்தயம் வைத்து இரண்டு கையாகப் பிரிக்கலாம், அதுதான் ஸ்பிளிட். ஏஸையும் எட்டையும் எப்போதும் பிரியுங்கள். பத்துகளை ஒருபோதும் வேண்டாம். இரண்டு ராஜாவைப் பிரிக்கச் சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரண்டர் எல்லா மேசையிலும் இல்லை. பாதிப் பணத்தை விட்டுவிட்டுக் கையை மடக்குவது. 10-உம் 6-உமாக 16 வந்து டீலரிடம் 10 இருந்தால் அதுதான் புத்திசாலித்தனம். எப்படி ஆடினாலும் சராசரியாகப் பாதிக்கு மேல் போகும் கை அது.

இதைவிட முக்கியம், உட்காரும் முன் மேசைத் துணியில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் வந்தால் பிளாக்ஜாக். 3:2 மேசையில் 10 டாலருக்கு 15 கிடைக்கும். 6:5 மேசையில் 12-தான். சுமார் 21 கைக்கு ஒரு பிளாக்ஜாக் வரும். மணிக்கு 60 கை ஆடினால் மூன்று பிளாக்ஜாக், ஒன்பது டாலர் நஷ்டம். நல்ல 3:2 மேசையில் ஒழுங்காக ஆடினால் விடுதியின் சாதகம் அரை சதவீதம்போலத்தான்; 6:5 அதோடு இன்னும் 1.4 சதவீதம் அளவுக்குச் சேர்க்கும். 6:5 என்று கண்டால் வேறு மேசை பாருங்கள்.

அப்புறம், வாயால் சொன்னால் போதாது, சைகை வேண்டும். ஹிட்டுக்கு மேசையை விரலால் தட்டுங்கள், ஸ்டாண்டுக்கு உள்ளங்கை கீழே பார்க்கக் கையைப் பக்கவாட்டில் அசையுங்கள். மேலே இருக்கும் கேமராவுக்குத்தான் அது. பணத்தை டீலர் கையில் நீட்டாதீர்கள், மேசைமேல் வையுங்கள்.