பேரப்பிள்ளையோடு அல்பாக்கா நடை போயிருக்கிறீர்களா? நம் குமரி மாவட்டத்தில் அதற்கு ஈடாக என்ன செய்யலாம்?

போயிருக்கிறேன். மகள் இங்கிலாந்தில் நர்ஸ், யார்க்‌ஷயர் பக்கம் வீடு. அவளைப் பார்க்கப் போன சமயம் பேத்திக்குப் பள்ளி விடுமுறை, மகளுக்கும் மருமகனுக்கும் டூட்டி. "அப்பா, நீங்களும் பிள்ளையுமா போய்ட்டு வாங்க" என்று, அல்பாக்காவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்க விடுகிற ஒரு பண்ணைக்கு மகளே பணம் கட்டிவிட்டாள். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே ஆடு மேய்க்கக் கூலி கொடுக்கிறோம், அங்கே மேய்க்கிறவனிடம் காசு வாங்குகிறார்களே என்று சிரித்துக்கொண்டுதான் போனேன்.

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்து உயிர். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெருவிலும் பொலிவியாவிலும் 3,500 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டு நிலங்களில் வளர்க்கிறார்கள். அதன் உறவுக்காரன் லாமா சுமை தூக்க, இது கம்பளிக்கு. தோள் வரை ஏறக்குறைய 3 அடி உயரம், எடை 50 முதல் 80 கிலோ. கழுத்து நீளமாக இருப்பதால் எட்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக அதன் முகம் வந்து நிற்கும். பேத்திக்கு முதலில் பிடித்ததே அதுதான்.

யார்க்‌ஷயருக்கும் இந்த விலங்குக்கும் பழைய தொடர்பு உண்டு. டைட்டஸ் சால்ட் என்ற மில் முதலாளி அல்பாக்கா கம்பளியில் துணி நெய்துதான் பெரும் பணம் சேர்த்தார். 1853-ல் ப்ராட்ஃபோர்டு அருகே பிரம்மாண்டமான ஆலையைத் திறந்து, சுற்றிலும் தொழிலாளிகளுக்கு ஒரு ஊரையே கட்டினார். அந்த சால்டெய்ர் ஊர் இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம். அப்புறம் ஒரு நாள் அதையும் போய்ப் பார்த்தோம். பேத்திக்கு ஆலையில் நாட்டமில்லை, ஐஸ்கிரீமில்தான் இருந்தது.

நடைக்கு முன்னால் பண்ணைக்காரப் பெண் ஒரு பாடம் நடத்தினார். தலையைத் தொடாதீர்கள், அதற்குப் பிடிக்காது; கழுத்தைத் தடவலாம். பின்னால் போய் நிற்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். காதைப் பின்னால் மடக்கி மோவாயைத் தூக்கினால் துப்பப் போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தீனிச் சண்டையில் ஒன்றின் மேல் ஒன்றுதான் துப்பிக்கொள்ளும்; நடுவில் மாட்டினால் நமக்கும் கிடைக்கும். துப்புவது வெறும் எச்சில் இல்லை, வயிற்றிலிருந்து வரும் பச்சைத் தழைச்சாறு. இதைக் கேட்டதும் பேத்திக்கு ஒரே உற்சாகம். எப்படியாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று கடைசி வரை காத்திருந்தாள். அன்றைக்கு எல்லாமே ஒழுக்கமாக இருந்து ஏமாற்றிவிட்டன.

தனியாக ஒன்று மட்டும் நடக்காது. கூட்டத்தில் பழகிய உயிர், துணை கண்ணில் பட்டால்தான் கால் எடுத்து வைக்கும். பாதத்தில் இரண்டு விரல், அடியில் மெத்தென்ற தோல், அதனால் குளம்புச் சத்தமே கேட்காது. நடக்கும்போது "ம்ம்ம்" என்று மெல்ல முனகிக்கொண்டே வரும். எல்லாம் சாணம் போட ஒரே இடம் வைத்துக்கொள்ளும். ஒன்று அங்கே நின்றால் மற்றவையும் வரிசையில் வந்து நிற்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது.

புல்லைப் பார்த்தால் நின்றுவிடும். இழுத்தால் வராது. இந்த இடத்தில்தான் என் சிரிப்பு நின்றது. எனக்கு மூட்டு வலி, பேத்தி ஓட்டமும் குதியும். ஊர்சுற்றப் போனால் நான் பின்னால், அவள் முன்னால் என்றுதான் எப்போதும் நடக்கும். இங்கே வேகத்தை அல்பாக்கா முடிவு செய்தது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். எதிரே உட்கார வைத்து "ஸ்கூல் எப்படி இருக்கு மக்ளே?" என்று கேட்டால் "ஃபைன்" என்று முடித்துக்கொள்கிற பிள்ளை, கண் முழுக்க விலங்கின் மேல் இருந்ததால், வகுப்பில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டது முதல் கணக்கு டீச்சர் வரை எல்லாவற்றையும் தானாகக் கொட்டினாள். நான் "ம்" கொட்டியதோடு சரி.

ஆகவே போகலாமா என்றால், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஆனால் இங்கே யாராவது அல்பாக்கா கொண்டுவந்து வைத்தால் நான் போகமாட்டேன். அடர்ந்த கம்பளி போர்த்திய குளிர்மலை உயிர். வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்தால் அதற்கு உடம்பு சூடேறி உயிருக்கே ஆபத்து வரும். நம்மூரில் சட்டை போட்ட மனிதனே மத்தியானம் தவிக்கிறான்.

நம்மிடம் ஆடு இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் பேத்தி இங்கே வந்தபோது திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வெள்ளாடுகளைப் பிடித்துக்கொண்டு சானல் (கால்வாய்) கரையோரம் கிளம்பினோம். "பாட்டா, இது துப்புமா?" என்றாள். "துப்பாது மக்ளே, முட்டும்" என்றேன். அதுவும் அவளுக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு, இத்தனை வருஷம் ஆட்டோடு கிடந்தவன் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன். சொந்த ஆடு இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், காலையில் மேய்த்துக் கொண்டுவருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒற்றை ஆட்டைப் பிடித்துப் போகாதீர்கள், வழி நெடுகக் கத்தித் தீர்க்கும். கிடா வேண்டாம், நாற்றமும் அடிக்கும், பிள்ளையைத் தள்ளியும் விடும். சாதுவான பெட்டையும் அதன் வளர்ந்த குட்டியும் சரியான ஜோடி. பனி காய்ந்த பிறகு கிளம்புங்கள். ஈரப் புல்லில் குடற்புழுவின் இளம்பருவம் நுனிவரை ஏறியிருக்கும், ஆடு அதையும் சேர்த்து மேய்ந்துவிடும். சாரல் அடித்தால் திரும்பிவிடுங்கள். ஆட்டுக்கு மழை அறவே ஆகாது, உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். கையில் ஒரு கம்பு இருக்கட்டும், சானல் கரையில் நாய்த் தொல்லை உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியம், மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்துப் பக்கம் விடாதீர்கள். மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடாக மாறுகிற சத்து இருக்கிறது. வெறும் வயிற்றோடு ஆடு நிறைய கடித்துவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கும், நுரை தள்ளும், வலிப்பு வந்து விழும். கைமருந்து தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். கால்நடை மருத்துவர் நரம்பு ஊசியில் சோடியம் தயோசல்பேட் போட்டால்தான் பிழைக்க வழி. ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம். நம் மாவட்டத்தில் மேற்கே போகப் போக வழியெல்லாம் இந்த இரண்டு பயிரும்தான், அதனால் பிள்ளையிடம் முதலில் இந்த இலைகளைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பேத்தி அன்றைக்கு முழுக்கக் காவல்காரியாகிவிட்டாள். ஆடு தலையைத் திருப்பினாலே "நோ, பாய்சன்!" என்று சத்தம். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட உட்கார்ந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் போய்விடும் என்று விளக்கிய பிறகுதான் வாயில் வைத்தாள்.

தீனிக்குப் பிலாவிலை (பலா இலை) கொப்பு ஒடித்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு அதென்றால் கொள்ளை ஆசை. ஆட்டுக்கும் அல்பாக்காவுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது, ஈறுதான். யார்க்‌ஷயரில் உள்ளங்கையில் தீனி கொடுத்தபோது இதைச் சொல்லியிருந்தேன். இங்கே ஆட்டின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து அவளே உறுதிப்படுத்திக்கொண்டாள். வகுப்பில் சொல்வதற்காம்.

ஆட்டைக் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, டீக்கடையில் ஆளுக்கொரு ரசவடை தின்றோம். சாயங்காலம் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில் நிற்கிற பாலம், உயரமான தூண் 115 அடி. மேலே தண்ணீர் ஓடும் தொட்டி, அதை ஒட்டி நடைபாதை. ஆற்றோரத்திலிருந்து ஏறும் படிக்கட்டு என் வயதுக்காரர்களுக்கு ஆகாது, வண்டியை மேல் பக்கமாகக் கொண்டு விடச் சொல்லுங்கள்.

ஆடு கிடைக்காத டவுன்காரர்கள் புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் போகலாம். உள்ளே வனத்துறைப் பூங்கா, மான்களும் பறவைகளும் உண்டு. குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாயின் கல்லறையும் அங்கேதான். கதை கேட்கிற வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். அப்படியே பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க நினைத்தால் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.