ஜூன்டீன்த் அட்டையில் எந்த வரி தப்பு?

ஜூன்டீன்த் (அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலையை நினைவுகூரும் ஜூன் 19 விழா) பற்றி உங்கள் மகள் செய்த அட்டையை ஆசிரியர் திருப்பி அனுப்பக் காரணம் "1865 ஜூன் 19 அன்று அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது" என்ற வரிதான். "டெக்சஸில் விடுதலை அறிவிக்கப்பட்டது" என்று மாற்றுங்கள்.

அதிபர் லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் எல்லா மாநிலங்களுக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அது அமெரிக்காவை விட்டுப் பிரிந்து போரிட்ட கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டும். அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரியாத கென்டக்கி, டெலவேர் மாநிலங்களில், அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வரும்வரை அடிமைமுறை சட்டப்படியே நீடித்தது.

1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டன் நகரில் ஒன்றியப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட 3ஆம் எண் ஆணையைப் பாருங்கள். "டெக்சஸ் மக்களுக்கு" என்றுதான் தொடங்கும். (விடுதலையானவர்கள் இருக்கும் இடத்திலேயே சத்தமில்லாமல் கூலிக்கு வேலை செய்யட்டும் என்ற அறிவுரையும் அதிலேயே உண்டு!)

திருத்தத்துக்கு 1865 டிசம்பர் 6, 18 என இரண்டு தேதி கிடைக்கும். 6ஆம் தேதி, போதுமான எண்ணிக்கையில் மாநிலங்கள் அதை ஏற்ற நாள்; 18ஆம் தேதி, அரசு அதை அறிவித்த நாள். எது என்று எழுதாவிட்டால் அட்டை மறுபடி திரும்பி வரும்.