பாலைவனத்தில் கால்வாய் வெட்டி விவசாயம் செய்வது வீண் செலவுதானே?

ராஜஸ்தான் இந்திரா காந்தி கால்வாயை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில், பாகிஸ்தான் எல்லையில் மூன்று வருடம் காவல் பணியில் இருந்தவன் நான். எந்த போஸ்ட், எந்த வருடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுகிற ஹரிகேயில் கிளம்பும் தண்ணீர் 649 கிலோமீட்டர் ஓடி ஜெய்சல்மேர் வரை போகிறது. 1958இல் தொடங்கிய வேலை, கடைசி வரை தண்ணீர் எட்ட 1987 ஆயிற்று. தை மாதம் அங்கே கடுகு பூத்து நிற்பதைப் பார்த்தவன் வீண் என்று சொல்ல மாட்டான்.

அங்கே எல்லாம் முறைப்பாசனம். 'பாராபந்தி' என்பார்கள். வாரத்தின் 168 மணி நேரத்தையும் நிலத்தின் அளவுக்குத் தக்கபடி பங்கு போட்டிருப்பார்கள். உங்கள் முறை ராத்திரி 1.40 என்றால் 1.40தான். விட்டால் அடுத்த வாரம். எல்லையோரம் ராத்திரி நடமாடத் தடை இருப்பதால், தண்ணீர் பாய்ச்சுகிறவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

நான் போன புதிதில், ஜனவரிப் பனியில், தோளில் மம்பட்டியோடு வந்த ஒரு பெரியவரை நிறுத்தினேன். சீட்டு வைத்திருந்தார். எனக்கு இந்தியே தடுமாற்றம், அவர் பேசியதோ பாக்ரி. வயர்லெஸ்ஸில் விசாரித்து அனுப்புவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. மனுஷர் திட்டவில்லை. கைக்கடிகாரத்தில் டார்ச் அடித்து என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு ஓடினார். அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்.

எனக்கு வேதாரண்யம் பக்கம், கடைமடை. தண்ணீர் வருமா என்று அப்பா மதகடியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன். 'டியூட்டியைத்தானே செய்தீர்கள்' என்று யாராவது எழுதுவீர்கள். சரி, டியூட்டிதான்.

குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. சில இடங்களில் மணலுக்கு அடியில் கெட்டியான படிவு இருக்கிறது. பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்காமல் மேலே ஊறி, நிலம் உப்புப் பூத்துவிடுகிறது. அதற்கு அங்கே 'சேம்' என்று பெயர். தேங்கின தண்ணீருக்குள் மரங்கள் பட்டுப்போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அது கால்வாயின் குற்றமா, அளவில்லாமல் பாய்ச்சியவர்களின் குற்றமா என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருத்தராவது இதையெல்லாம் என்னிடம் கேட்டதுண்டா? கேன்டீன் கார்டில் மாதம் எத்தனை பாட்டில் கிடைக்கும், அது ஒன்றுதான் கேள்வி. நான் குடிப்பதே இல்லை என்றால், 'அப்போ கார்டைக் கொடு மாப்ளே' என்கிறார்கள்.