கடல் உயிர்களைப் பற்றி மற்ற பாடங்களோடு சேர்த்து வீட்டிலேயே எப்படிச் சொல்லித்தருவது? குழந்தைக்கு 7 வயது.

ஒரே ஒரு உயிரிலிருந்து தொடங்குங்கள். நான் நீலத் திமிங்கலத்தைச் சொல்வேன். 30 மீட்டர் வரை வளரும் என்று வாயால் சொன்னால் அது வெறும் எண். 1 மீட்டர் நூலை வெட்டிக் கொடுத்து, திறந்த வெளியில் 30 முறை அளக்கச் சொல்லுங்கள். தலைப் பக்கம் குழந்தை, வால் பக்கம் நீங்கள். நின்று பார்த்தால் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும்!

அப்புறம், ‘இவ்வளவு பெரிய உடம்பு என்ன சாப்பிடும்?’ என்ற கேள்வி தானாக வரும். சுண்டுவிரல் அளவே உள்ள, இறால் போன்ற கிரில்களைத்தான். வாய் நிறையத் தண்ணீரை இழுத்து, மேல்தாடையில் சீப்பு போலத் தொங்கும் பலீன் தகடுகள் வழியாக வெளியே தள்ளிவிட்டு, உள்ளே சிக்கியதை விழுங்கும். கிண்ணத் தண்ணீரில் நாலு மிளகைப் போட்டு டீ வடிகட்டியில் ஊற்றிக் காட்டுங்கள். தண்ணீர் போய்விடும், மிளகு தங்கிவிடும். அறிவியல் பாடம் அவ்வளவுதான்.

மொழிக்கு, திமிங்கலமே தன் ஒரு நாளைச் சொல்வதுபோல ஐந்து வரி எழுதட்டும். மூச்சுவிட மேலே வருவதையும் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அது மீன் இல்லை என்பது அப்போதே பதிந்துவிடும். எழுத்துப் பிழைகளை அன்றைக்கே திருத்த வேண்டாம். சுறா, ஆக்டோபஸ் எல்லாம் அடுத்த வாரம் வரட்டும்.