மடக்குக் கத்தியும் சாணைக்கல்லும்

கேள்வி: என்னிடம் இரண்டு மடக்குக் கத்திகள் உள்ளன. 1095 கார்பன் எஃகுக் கத்தி சாணைக்கல்லில் சிறிது நேரத்திலேயே கூர்மையாகிவிடுகிறது. எஸ்30வி எஃகுக் கத்தியோ அரை மணி நேரம் தேய்த்தும் மழுங்கலாகவே இருக்கிறது. தவறு என் கையிலா, கல்லிலா?

பதில்: பெரும்பாலும் கல்லில்தான். 1095 எஃகில் ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன் உண்டு; மற்றபடி அது எளிய கலவை என்பதால் எந்தக் கல்லுக்கும் இணங்கும். எஸ்30வி எஃகிலோ ஏறக்குறைய 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உருவாக்கும் நுண்ணிய வனேடியம் கார்பைடு துகள்கள், சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை; ஆகவே கல் சுற்றியுள்ள எஃகைத் தேய்க்குமேயன்றி அத்துகள்களை எளிதில் அறுக்காது. வைரத்துகள் பதித்த தகட்டை வாங்குங்கள். அதை அழுத்தித் தேய்க்க வேண்டியதே இல்லை, கத்தியின் எடையே ஏறத்தாழப் போதும்.

ஒரு பக்கத்துக்கு 20 பாகை சாய்வில், எதிர்ப்பக்க விளிம்பு நெடுகிலும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை தேய்த்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். விரலை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிநோக்கி இழுத்துப் பாருங்கள். பலர் பிசிறு எழும்முன்பே திருப்பிவிடுகிறார்கள். அவர்கள் விஷயத்தில் எனக்கு அதுவே கல்லைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. முடிவில் பிசிறைத் தோல்வாரில் தேய்த்து நீக்குங்கள்.

மின்சாரச் சாணைச் சக்கரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1095 கத்தியின் விளிம்பு அதன் உராய்வுச் சூட்டில் ஒருமுறை நீலம் பூத்தால், அந்த இடத்தில் எஃகின் பதம், அதாவது கடினத்தன்மை, போய்விட்டது என்று பொருள்.