போலந்தின் இயற்கை, வரலாறு, கலாச்சாரத்தைத் தெரிந்துகொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

வார்சாவில் முதுகலை படிக்க வந்திருப்பதாகவும், கார் கிடையாது, பெரிய பட்ஜெட்டும் கிடையாது, ஆனால் நாட்டை உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். காட்டிலிருந்து தொடங்குங்கள். அதுவும் செப்டம்பரில், கையில் ஒரு கூடையோடு.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வேறு: இரண்டு நாள் கிராக்கோவ், அதில் ஒரு நாள் காலையில் ஆஷ்விட்ஸ் நாஜி வதை முகாம், மதியம் வியலிச்கா உப்புச் சுரங்கம். இந்த ஒருநாள் பேக்கேஜைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆஷ்விட்ஸும் பிர்கெனாவும் வழிகாட்டியோடு நடந்து பார்க்கவே மூன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து வெளியே வந்தவரைப் பஸ்ஸில் ஏற்றி, சாண்ட்விச் கொடுத்து, உப்பில் செய்த சரவிளக்குக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்வது என்ன ரசனையோ. கிராக்கோவ் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் தனித்தனி நாளில் பாருங்கள். அவ்வளவுதான்.

இப்போது காடு. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் காடு. அதில் முக்கால் பங்குக்கு மேல் அரசு வனத்துறையிடம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. சொந்த உபயோகத்துக்குக் காளானும் பெர்ரியும் பறிக்க அனுமதிச் சீட்டும் வேண்டாம். 'கிஷிபோப்ரானியே' எனப்படும் காளான் பறிப்பு அங்கே பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கிளம்பும் காரியம். போலந்துக் கவிஞர் மிட்ஸ்கியெவிச் 1834-இல் பாரிஸில் வெளியிட்ட 'பான் ததேயுஷ்' காவியத்தின் மூன்றாம் பாகத்தில் ஒரு முழுக் காளான் பறிப்புக் காட்சி வருகிறது. 1795 முதல் 1918 வரை வரைபடத்தில் சுதந்திரப் போலந்து என்ற நாடே இல்லை. நாடு இழந்த ஒருவர் வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதிய காவியத்தில் காளானின் பெயர்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார் என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தேசியப் பூங்கா, இயற்கைக் காப்பகம் இரண்டிலும் பறிப்பது பொதுவாகத் தடை. 4 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள இளங்கன்று நடவுக்குள் நுழைவதே குற்றம். ராணுவப் பயிற்சி நிலமும் அப்படித்தான். வனத்துறையின் எம்பிடிஎல் செயலியில் எது அரசுக் காடு, எங்கே தற்காலிகத் தடை என்று வரைபடத்திலேயே தெரியும். கிளம்புவதற்கு முன் அந்தப் பகுதியை ஆஃப்லைனுக்கு இறக்கி வையுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

"காளான் பறிக்கச் சொல்லி ஆளைக் கொல்லப் பார்க்கிறாயா" என்று யாராவது கேட்பார்கள் என்பது தெரியும். நியாயமான பயம்தான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

புதியவருக்கு ஒரே விதி: குடையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால் தொடாதீர்கள். ஸ்பாஞ்ச் மாதிரி நுண்துளைகள் இருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள். போலந்தில் ஆளைக் கொல்லும் காளான்களில் முதலிடம் 'முஹோமோர் ஸ்ரோமொட்னிகொவி'க்கு. ஆலிவ் பச்சைக் குடை, வெள்ளைத் தகடு, தண்டில் வளையம், அடியில் பை போன்ற உறை. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அதன் விஷம் போகாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு கடுமையான வாந்தி, பேதி. அதன்பின் ஒரு நாள் குணமானது போல இருக்கும். அந்த இடைவெளியில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 'சரியாகிவிட்டது' என்று படுத்துவிடுவதுதான் பலரைக் கொல்கிறது. சந்தேகம் வந்தால் உடனே 112-ஐ அழையுங்கள், மிச்சக் காளானையும் சமையல் கழிவையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

அனுபவசாலிகளும் ஏமாறுவது 'கானியா'வில். முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டி வறுத்தால் அபார ருசி. ஆனால் அதற்கும் தகடும் வளையமும் உண்டு. வித்தியாசம் இரண்டு: கானியாவின் வளையம் தண்டில் மேலும் கீழும் நகரும், தண்டில் பாம்புத் தோல் போன்ற வரி இருக்கும். தண்டைக் கத்தியால் நடுவில் வெட்டிவிட்டால் அடியிலுள்ள உறை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் அங்கேயே போய்விடும். அதனால் அடையாளம் உறுதியாகாத எதையும் வெட்டாமல், மெதுவாகத் திருகி முழுசாக எடுங்கள். முதல் வருடம் கானியாவை மறந்துவிடுவதே உத்தமம்.

எதைப் பறிக்கலாம்? பைன் காட்டில் அதிகம் கிடைப்பது 'பொட்கிஷிபெக்'. பழுப்புக் குடை, மஞ்சள் ஸ்பாஞ்ச், விரலால் அழுத்தினால் அந்த இடம் நீலமாகும். ராஜா 'போரோவிக்': தண்டின் மேற்பகுதியில் வெள்ளை வலைக்கோடு, ஸ்பாஞ்ச் முதலில் வெள்ளை, முற்றினால் மஞ்சள், பிறகு பச்சை, வெட்டினால் உள்ளே நிறம் மாறாது. இதைப் போலவே ஏமாற்றுவது 'கொரிச்சாக்'. அதன் வலைக்கோடு கருமை, ஸ்பாஞ்ச் இளஞ்சிவப்பு. விஷமில்லை, ஆனால் ஒன்று விழுந்தாலும் மொத்தப் பானையும் கசந்துவிடும். துளி நாக்கில் வைத்துத் துப்பினால் தெரிந்துவிடும். இந்தச் சோதனை ஸ்பாஞ்ச் வகைக்கு மட்டும்தான். ஸ்பாஞ்ச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மழை பெய்து சில நாள் கழித்து, இரவில் குளிர் கடுமையாகாத வாரத்தில், விடியற்காலையில் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் நல்ல காளானே அழுகிக் கெட்டுப்போகும். வீட்டுக்கு வந்ததும் மாவட்டச் சுகாதார நிலையத்துக்கு, அதாவது 'சானெபிட்'டுக்கு, எடுத்துப் போனால் காளான் நிபுணர் இலவசமாகப் பார்த்துச் சொல்வார். ஃபேஸ்புக் குழுவில் மங்கலான போட்டோ போட்டு "இது சாப்பிடலாமா பாஸ்?" என்று கேட்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. செயலியையோ முன்பின் தெரியாதவரையோ நம்பிக் கல்லீரலைப் பணயம் வைக்காதீர்கள்.

காளானைவிட அடிக்கடி ஆளை வீழ்த்துவது உண்ணி. முழுக்கை, முழுக்கால் சட்டை, காலுறைக்குள் பேண்ட். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காது பின்புறம், முடி ஓரம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், வெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதை உங்கள் உடம்புக்குள் கக்கிவிடும். ஒரு மாதம் வரை சிவப்பு வட்டம் பரவுகிறதா என்று கவனியுங்கள், பரவினால் மருத்துவரிடம் போங்கள். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை. குளிர்காலத்திலேயே தொடங்கினால் வசந்தத்துக்குள் இரண்டு முடிந்துவிடும். சிவப்பு வட்டத்தால் தெரியவரும் லைம் நோயை அந்த ஊசி தடுக்காது.

அதே காட்டில்தான் வரலாறும் கிடக்கிறது. வார்சாவின் வடமேற்கு விளிம்பிலேயே கம்பினோஸ் தேசியப் பூங்கா, 1959-இல் அமைந்தது. மணல்மேடும் சதுப்பும் மாறி மாறி வரும். 1951-இல் மீண்டும் கொண்டுவந்து விட்ட மூஸ் மான்கள் பெருகி நிற்கின்றன. (இங்கே பறிக்காதீர்கள், நடங்கள்.) பூங்காவின் கிழக்கோரத்தில் பால்மிரி. 1939 டிசம்பர் முதல் 1941 ஜூலை வரை ஜெர்மானியர்கள் சுமார் 1,700 பேரை இங்கே சுட்டுப் புதைத்து, மேலே மரக்கன்று நட்டு மறைத்தார்கள். 1932 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற யானுஷ் குசோசின்ஸ்கியும் அதில் ஒருவர். வனத்துறை ஊழியர்கள் ரகசியமாக இடங்களை அடையாளம் செய்து வைத்ததால்தான் போருக்குப் பிறகு உடல்களைத் தோண்டி எடுக்க முடிந்தது. முடிந்தால் நவம்பர் 1-ஐ ஒட்டிப் போங்கள். எல்லாக் கல்லறைகளிலும் விளக்கேற்றும் நாள் அது. 'ஸ்னிச்' என்ற மூடியிட்ட மெழுகு விளக்கை எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கலாம். காற்றில் தீக்குச்சி நிற்காது, நீள மூக்கு லைட்டர் எடுத்துப் போங்கள்.

பியாவோவியெஷா காட்டையும் காட்டெருதுகளையும் எல்லோரும் சொல்வார்கள். போகலாம்தான். ஆனால் பூங்காவின் கடும் பாதுகாப்புப் பகுதிக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். பெலாரஸ் எல்லை என்பதால் 2024-இல் காட்டின் சில பகுதிகளுக்குள் போகவே தடை வந்தது. எல்லைக் காவல் படையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பறித்ததை என்ன செய்வது? கழுவாமல் தூரிகையால் துடைத்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 40 முதல் 50 டிகிரியில் உலர்த்துங்கள். சூடு கூடினால் காயாமல் வெந்து கறுத்துவிடும். ஒடித்தால் முறிய வேண்டும். வளைந்தால் ஜாடிக்குள் பூசணம் நிச்சயம். பத்து கிலோ உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ வரும். அதன் வேலை டிசம்பர் 24 இரவு 'விகிலியா' விருந்தில். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஒப்வாடெக் அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்து, எதிர்பாராத விருந்தாளிக்கு ஒரு தட்டைக் காலியாக விட்டு, பன்னிரண்டு உணவு பரிமாறுவார்கள். இறைச்சி கிடையாது, மீன் உண்டு. "போலந்தில் சைவத்துக்கு ஒன்றுமே இல்லை" என்று புலம்புகிறவர்கள் இந்தப் பந்தியில் உட்கார்ந்ததில்லை போலும்.

யாராவது உங்களை அழைத்தால் 'ஸாக்வாஸ்' எனப்படும் புளிக்கவைத்த பீட்ரூட் சாறு செய்து கொண்டுபோங்கள். பார்ஷ்ச் என்ற பீட்ரூட் சூப்பின் புளிப்பே இதில்தான். ஒரு கிலோ பீட்ரூட்டை நறுக்கி, நான்கு பல் பூண்டு, பிரிஞ்சி இலையோடு ஜாடியில் போட்டு, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அயோடின் இல்லாத உப்பு கலந்த கொதித்து ஆறிய நீரை, துண்டுகள் முழுக்க மூழ்கும்படி ஊற்றுங்கள். மேலே ஒரு சின்னத் தட்டால் அழுத்தி வையுங்கள். வெளியே நீட்டிய துண்டில்தான் பூசணம் பிடிக்கும். வெள்ளை நுரையை வழித்து எறியலாம். பச்சை, கறுப்புப் பூசணம் வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் புளித்துவிடும். சூப்பில் கடைசியாக ஊற்றி, கொதிக்க விடாமல் சூடாக்க வேண்டும். கொதித்தால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். டிசம்பர் 16 அல்லது 17-இல் ஊறப் போட்டால் 24-க்குச் சரியாக இருக்கும்.